மாதக் கடைசி நாளில் என்ன செய்வீர்கள்?

புது நாட்டில் நான் போன முதல் நேர்முகத் தேர்வு இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. சுயவிவரத்தின் முதல் வரியில் 'கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர், 11 ஆண்டுகள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். எதிரே இருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு, "மாதக் கடைசி நாளில் அலுவலகம் வந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?" என்று கேட்டார். "நாங்கள் எல்லாக் கணக்குகளையும் முடிப்போம்" என்றேன். "நாங்கள் என்றால் யார்? அதில் உங்கள் பங்கு எது?" என்றார். வாயடைத்துப் போனேன். வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் வரிவரியாக ஒத்துப்பார்த்தது, பணமாகாத காசோலைகளைத் தனியே குறித்தது, பாக்கிக்காரர்களைத் தொலைபேசியில் விடாமல் துரத்தியது எல்லாம் நான்தான். ஆனால் அவற்றையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பதவியின் பெயரே பேசிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அது பேசாது. நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே 'மேற்பார்வையாளர்' என்றால் எவ்வளவு பொறுப்பு என்பதும் தெரியாது. ஆகவே ஒரு தாளை எடுத்து, கடைசியாகப் பார்த்த வேலையில் ஒரு சாதாரண வாரத்தை எழுதுங்கள். திங்கள் காலை என்ன செய்தீர்கள், யார் உங்களிடம் வந்து எதைக் கேட்டார்கள், நீங்கள் விடுப்பில் போனால் எந்த வேலை நின்றது? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் உங்கள் பலம் ஒளிந்திருக்கும். எழுதும்போது 'நான்' என்றே எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், தன்னை முன்னிறுத்திப் பேசுவது நமக்குத் தற்பெருமையாகப் படும். ஆனால் எதிரே இருப்பவருக்குத் தேவை தகவல்.

எழுத வரவில்லை என்றால், அமெரிக்கத் தொழிலாளர் துறை நிதியளிக்கும் 'ஓ-நெட்' என்ற இலவசத் தளத்தில் உங்கள் தொழிலைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு தொழிலிலும் அன்றாடம் செய்யப்படும் பணிகளை அங்கே வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அது பயன்படும். பழகிய வேலைக்கு அந்நிய மொழியில் வினைச்சொல் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு அது ஓர் அகராதி.

அடுத்தது சந்தை. இதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, நீங்கள் போய்வரக்கூடிய தூரத்துக்குள் உள்ள இருபது வேலை விளம்பரங்களை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்வது. செய்யத் தெரிந்ததற்கு நீலக்கோடு, தெரியாததற்குச் சிவப்புக்கோடு. நான் உட்கார்ந்த அன்று பட்டம் கேட்ட விளம்பரங்கள் சிலவே. ஊழியர் சம்பளப் பட்டியல் போடத் தெரிய வேண்டும் என்ற வரி மட்டும் தாளுக்குத் தாள் சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. அதுவரை மேற்படிப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், சம்பளப் பட்டியலுக்கான ஒரு குறுகிய மாலை வகுப்பில் சேர்ந்தேன். சிவப்புக்கோடுகள் சிதறிக் கிடந்தால் நீங்கள் தேடும் பதவி வேறாக இருக்கலாம். ஒரே இடத்தில் குவிந்தால் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

'ஆள் பற்றாக்குறை' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நாடு முழுவதற்கும் வெளியிடும் பட்டியலில் உங்கள் தொழில் இருக்கலாம். அந்தத் தேவை நீங்கள் குடியேறிய நகரில் இல்லாமலும் இருக்கலாம். கனடாவின் 'ஜாப் பேங்க்' என்ற அரசுத் தளம் அடுத்த மூன்றாண்டு வாய்ப்பை மாகாணவாரியாகவும் வட்டாரவாரியாகவும் தனித்தனியே மதிப்பிடுவது இதனால்தான். ஒரே நிறுவனம் ஒரே வேலைக்கு மாதந்தவறாமல் விளம்பரம் செய்கிறதா? அங்கே வேலை வளர்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்கள் நிலைக்காமல் ஓடுகிறார்கள் என்பதற்கும் அது அடையாளம்.

மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பணி, மின்பணி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் உரிமம் இல்லாமல் எதுவும் நடக்காது. பட்டத்தின் மதிப்பீடு கையில் வந்ததும் உரிமமே கிடைத்துவிட்டதாக மகிழ்ந்து, பிறகு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. ஜெர்மனியின் 'அனாபின்' தரவுத்தளம் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் அங்கே எப்படி மதிக்கப்படுகின்றன என்று சொல்லும். செவிலியராக வேலை செய்யும் அனுமதியை அது தராது. கனடாவில் பொறியாளர் உரிமத்தை மாகாணம்தோறும் தனித்தனி அமைப்புகள் தருகின்றன. வந்த முதல் வாரமே உரிமம் தரும் அமைப்பிடம் நேரடியாகக் கேளுங்கள்: எந்தத் தாள்கள், எந்தத் தேர்வு, எத்தனை மாதம். உறவினர் சொல்வது அவர் வந்த ஆண்டின் விதியாக இருக்கக்கூடும்.

அதுவரை அடுப்பெரிய வேண்டுமே. கிடைத்த வேலையில் ஏறிக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் பழைய தொழிலின் வாசம் வீசும் இடமாகப் பாருங்கள். செவிலியராக இருந்தவருக்கு முதியோர் பராமரிப்பு, ஆசிரியருக்கு வகுப்பறை உதவியாளர் பணி, கட்டடப் பொறியாளருக்குக் கட்டுமானத் தளத்தில் அளவெடுக்கும் வேலை. இத்தகைய இடத்தில் மொழியோடு தொழிற்சொற்களும் காதில் விழும். இரவு வேலையை மட்டும் நன்றாக யோசித்து எடுங்கள். ஊதியம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் மொழி வகுப்பின் நேரம் உங்கள் தூக்க நேரமாகிவிடும், நிறுவனங்கள் அழைக்கும் நேரத்தில் தொலைபேசி அணைந்து கிடக்கும். ஆறு மாதம் என்று போய் ஆறு ஆண்டு தங்கியவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் தங்கினார்கள்.

வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவரிடம் நிற்கவே வேண்டாம். பிரிட்டனில் வேலை தேடுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவது பொதுவாகவே 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை.

அதே 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவரே. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலமே செய்தி வந்திருந்தது. யோசித்தால் புரிகிறது: மச்சானும் சித்தப்பாவும் பழகும் வட்டம்தான் நீங்களும் பழகும் வட்டம், அவர்களுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வேலை வந்த வழியும் அப்படித்தான். மொழி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் வெப்பமூட்டும் கருவிகள் பழுதுபார்ப்பவர். அவருடைய சிறு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்த்தவர் மகப்பேறு விடுப்பில் போவதை, இடைவேளையில் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னார்.

அப்படிப்பட்டவரிடம் "எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டால் அவர் சங்கடப்பட்டு ஒதுங்குவார். "உங்கள் இடத்தில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள், பதினைந்து நிமிடம் சொல்ல முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் வேலையைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது? நான் கேட்ட அந்த வகுப்புத் தோழரோ முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பாதி கொதிகலன் பற்றியது.