முதலில் தூக்கம், கடைசியில் தட்டு: எடைக் குறைப்பை வரிசை மாற்றிச் செய்யும் முறை

"கம்மியா சாப்பிடு, நிறைய நட" என்ற அறிவுரையில் கணக்குத் தப்பே இல்லை. செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் எடை இறங்கும். இதற்கு விதிவிலக்கான உடம்பு கிடையாது. சிக்கல் வரிசையில் இருக்கிறது. ஐந்து மணி நேரம் தூங்கி, ராத்திரி பத்தரைக்குச் சாப்பிடும் ஒருவரைத் திங்கட்கிழமை முதல் சோற்றை நிறுத்தச் சொன்னால், மூன்றாவது வாரம் பரோட்டாக் கடையில் நிற்பார். தனக்கு மன உறுதி இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வார். பசியை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது யாருடைய தப்பு?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004ல் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது; பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. 2010ல் அங்கேயே இன்னொரு சோதனை. ஒரே ஆட்கள், ஒரே அளவு டயட். 14 நாள் எட்டரை மணி நேரப் படுக்கை, 14 நாள் ஐந்தரை மணி நேரம். இறங்கிய எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதி கொழுப்பல்லாத எடையில், அதாவது தசை போன்றவற்றிலிருந்து போனது. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பட்டினியும் உடம்புக்கு ஒரு நெருக்கடிதான். 121 பெண்களை மூன்று வாரம் வைத்து நடத்தி 2010ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1200 கலோரி மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் கூடியது. ஏற்கெனவே டென்ஷனில் இருப்பவருக்கு முதல் மருந்தாகக் கடும் டயட்டைக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அதற்காக ரீல்ஸில் வரும் 'கார்டிசோல் தொப்பை' கதையை நம்ப வேண்டாம். கார்டிசோல் மட்டுமே தொப்பை போடவைக்கும் நிலை ஒன்று உண்டு: குஷிங் நோய்க்குறி. கை கால் மெலிந்து, முகம் உப்பி, வயிற்றில் ஊதா நிற வரிகள் விழும். அது அபூர்வம். ஆபீஸ் டென்ஷன் காற்றிலிருந்து கொழுப்பைச் செய்வதில்லை. தூக்கத்தைக் கெடுக்கிறது, இனிப்பும் எண்ணெயும் கேட்க வைக்கிறது, நடமாட்டத்தைக் குறைக்கிறது. கை வைக்க வேண்டிய இடங்கள் இந்த மூன்றும். 'அட்ரினல் சோர்வு' என்று ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. அதைச் சொல்லி விற்கும் மாத்திரைகளை விட்டுவிடுங்கள். அஸ்வகந்தா வாங்குவதற்கு முன், அதனால் கல்லீரல் பாதிப்பு வந்த நோயாளிகள் பதிவாகியிருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் டோஸ் பேசுங்கள். சுகர் 70க்குக் கீழே போனால் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த முறை வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: அளக்க மட்டும்

தன் உடம்பைத் தானே சோதித்துச் சீராக்குவதற்கு வைத்திருக்கும் பயோஹேக்கிங் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் உருப்படியாக இருப்பது ஒரே பழக்கம்: ஒன்றை மட்டும் மாற்று, அளந்து பார். அதற்கு ஒரு இன்ச் டேப்பும் எடை மெஷினும் நோட்டும் போதும்.

எடையைக் காலையில் கழிவறை போய்வந்த பின், தண்ணீர்கூடக் குடிக்காமல் பாருங்கள். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும். மிதியடி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். தினமும் குறித்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ராத்திரி பிரியாணியும் ஊறுகாயும் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர். மாதவிடாய்க்கு முன் ஒன்று இரண்டு கிலோ ஏறுவதும் அப்படித்தான். சோற்றை நிறுத்திய முதல் வாரம் இரண்டு கிலோ 'குறைவது' இதன் மறுபக்கம்: உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சர்க்கரையைச் சேமிக்கிறது; ஒரு கிராம் கிளைக்கோஜன் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். அது கரைந்தால் தண்ணீரும் போகும்.

வயிற்றுச் சுற்றளவு வாரம் ஒருமுறை. கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டால் சைஸ் மாறவே மாறாது. நம் மக்களுக்கு எச்சரிக்கை எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80.

எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள். உங்கள் வழக்கத்தைவிட ஐந்தாறு கூடியிருந்தால் தூக்கக் குறைவு, மது, காய்ச்சல், மன அழுத்தம் ஏதோ ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கடும் உடற்பயிற்சியை விட்டு நடந்தால் போதும்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மணி, சாப்பிட்டது, பசித்ததா இல்லையா. கலோரி எழுத வேண்டாம். பெரும்பாலோருக்கு 'பசிக்கவில்லை' என்ற பதில் இரண்டு இடத்தில் குவியும்: சாயங்காலம் ஐந்து முதல் ஏழு, ராத்திரி பத்துக்கு மேல்.

சமையலறையில் ஒரு வேலை. எண்ணெய் பாக்கெட்டைத் திறக்கும் நாளன்று அதன்மேல் தேதி எழுதுங்கள். மூன்று பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது சுமார் 275 கலோரி. சோற்றை அளந்து போடும் வீடுகளில்கூட எண்ணெயை யாரும் அளப்பதில்லை.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் நாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கலோரிக்கு வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் 2017ல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் பிசகியது.

மூன்றாவது, நான்காவது வாரம்: தூக்கம்

சாப்பாட்டில் இன்னும் கை வைக்காதீர்கள். எழும் நேரத்தை மட்டும் முதலில் பூட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ தெருவிலோ 15 நிமிடம் வெளிச்சம் படட்டும். உடம்பின் கடிகாரம் அதை வைத்துத்தான் ராத்திரித் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது.

காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பதினொன்றுக்குப் படுப்பவர் மூன்று மணிக்கு மேல் காபி, டீ குடிக்கக் கூடாது. "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறையும். அது காலையில்தான் தெரியும். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி உள்சூடு இறங்கும். தூக்கம் சீக்கிரம் வரும். போன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே.

எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குகிறது, குறட்டை பலமாக இருக்கிறது, நடுவில் மூச்சுத் திணறி எழுகிறார் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். ஈ.என்.டி. அல்லது நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். எந்த டயட்டும் அதற்கு மாற்று இல்லை.

நைட் ஷிஃப்ட்காரர்கள் முக்கியச் சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன் முடித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் மோர், சுண்டல், முட்டை அளவோடு நிற்பது நல்லது. அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு.

சாயங்காலக் கண்டம்

வீட்டுக் கடனும் மேனேஜரும் போகப்போவதில்லை. நீங்கள் மாற்றக்கூடியது, அந்த டென்ஷன் வாயில் வந்து முடிகிற இடத்தை.

மூச்சுப் பயிற்சி: முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மூக்கு வழியாக நான்கு வினாடி இழுத்து, ஆறு வினாடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. நீளமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது. நிறையப் பேர் தப்பு செய்வது, நெஞ்சு புடைக்க இழுப்பதில். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். மெதுவாக இழுக்க வேண்டும், நிறைய அல்ல.

கூடவே, ஐந்து மணிக்குப் பசி வருவதற்கு முன்பே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ உள்ளே போகட்டும். மூச்சுப் பயிற்சியால் பஜ்ஜியை எதிர்க்க முடியாது. நிறைந்த வயிற்றால் முடியும்.

தட்டு

ஐந்தாவது வாரத்திலிருந்து தட்டு. குறைப்பதற்கு முன் கூட்டுங்கள்: புரதம். எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். இட்லி, சாம்பார் சாதம், தயிர் என்று போகும் நாளில் 50ஐத் தொடுவதே பாடு. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் பன்னீரில் 18, ஒரு கப் அவித்த கொண்டைக்கடலையில் 14, உலர்ந்த சோயா 50 கிராமில் 26. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பொரியலையும் முட்டை, மீன், பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாறியதற்கே சுகர் ஏற்றம் குறைவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு எழுந்ததும் 10 நிமிட நடை. தொடைத் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்.

16 மணி நேர விரதம் வேண்டுமா? சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022ல் வெளியான ஆய்வில், ஒரே கலோரி அளவில் நேரக் கட்டுப்பாடு வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. வசதிப்பட்டால் செய்யலாம். காலையில் சாப்பிடாமல் இருந்து சாயங்காலம் வாரிக்கொட்டுபவர்களுக்கு அது ஆகாது.

சென்சார் ஒட்டும் குளூக்கோஸ் கருவிக்குச் சில ஆயிரம் செலவழிக்கத் தேவையில்லை. வீட்டில் குளூக்கோமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு நாள் நான்கு இட்லி, இன்னொரு நாள் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று நாளாவது செய்ய வேண்டும். தரநிலைப்படியே மீட்டர் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். 20 மி.கி.க்குக் கீழான வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், மாம்பழம் நறுக்கிய விரல் 200 காட்டும். வெறும் வயிற்றில் திரும்பத் திரும்ப 100க்கு மேல் வந்தால் லேபில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) பாருங்கள்.

தசை, பிறகு கலோரிக் குறைப்பு

வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், புத்தகம் நிரப்பிய பையைக் குனிந்து இழுத்துத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். 12 லேசாகிவிட்டால் பையில் இரண்டு புத்தகம் சேருங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ் குளியல் போடுவது இப்போதைய ஃபேஷன். அது தசை வளர்ச்சியைக் குறைக்கும் என்பதே ஆய்வுகள் சொல்வது.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கலோரி. நாளுக்கு 300 குறைத்தால் போதும்: எண்ணெயில் இரண்டு டீஸ்பூன், ராத்திரியில் ஒரு கரண்டிச் சோறு, ஒரு சர்க்கரைக் காபி, நாலு மணி பிஸ்கட். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் வரை இறங்கினால் சரியான வேகம். 80 கிலோவுக்கு 400 கிராம்.

நடுவில் நிற்கும். தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ என்ற கணக்கு 1958ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எடை இறங்க இறங்க உடம்பும் செலவைக் குறைக்கும் என்பதை அது சேர்க்கவில்லை. சராசரி எடையும் டேப் அளவும் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் அசையாவிட்டால்தான் நின்றுவிட்டதாகக் கொள்ளுங்கள். உடனே சோற்றில் கை வைக்காமல் எண்ணெய் பாக்கெட் தேதியைப் பாருங்கள், பிறகு எழும் நேரம் நழுவியிருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, காலை நாடி ஏறி, எரிச்சலும் பசியுமாக இருக்கிறீர்கள் என்றால் குறைத்த 300ஐ இரண்டு வாரத்துக்குத் திருப்பிப் போடுங்கள். நடையும் பையும் அப்படியே இருக்கட்டும். முதல் சில நாளில் ஒரு கிலோ ஏறினால் அது தண்ணீர். டேப் அளவு ஏறவில்லை என்றால் 200 கலோரிக் குறைப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம். ஏறியிருந்தால் முதல் இரண்டு வார நோட்டுக்குத் திரும்புங்கள், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்றும் பார்த்துவிடுங்கள்.