பீரோ கண்ணாடி முன்னால் பத்து நிமிடம்: மார்பகத்தை நாமே பார்த்துக்கொள்வது

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்கவில்லையே, ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது பெரிய தப்பு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு எனக்கு இருந்தது புற்றுநோய் இல்லாத சாதாரண நார்க்கட்டி என்று தெரிந்தது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நாள். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். அப்போது மார்பு கனத்து, தொட்ட இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். விலக்கு நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். நாளை நினைவு வைக்க போன் செயலிகளைவிட, மளிகைக்கடையில் தரும் மாதக் காலண்டரில் பேனாவால் ஒரு சுழி போடுவதுதான் எனக்குப் பிடித்தது.

கண்ணாடி. கதவைத் தாழ் போட்டுவிட்டு, வெளிச்சம் நன்றாக விழும்படி பீரோ கண்ணாடி முன் நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, பிறகு இடுப்பில் வைத்து அழுத்தி, பிறகு தலைக்கு மேல் தூக்கி என மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும். தோல் ஓரிடத்தில் குழி விழுகிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லாதது சகஜம். முன்பு இல்லாத மாற்றம்தான் முக்கியம்.

விரல். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கட்டி இருக்கிறதா என்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். சதையைக் கிள்ளினால் எல்லாமே கட்டிதான்! மல்லாந்து படுத்து, பார்க்கப்போகும் பக்கத்துத் தோளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் கொடுங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் இல்லாமல் ரேகை பதியும் பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம்: முதலில் தோல் மட்டும் அசையும்படி, அப்புறம் கொஞ்சம் ஆழமாக, கடைசியில் விலா எலும்பு தெரியும்வரை. அந்த எலும்பையே கட்டி என்று நான் நடுங்கியிருக்கிறேன். மார்பின் கீழ் வளைவில் வரப்பு மாதிரி தெரியும் தடிப்பும் இயல்பானதுதான்.

வாசல் பெருக்கும்போது இடம் விடாமல் பெருக்குவோமே, அதேபோல மேலும் கீழுமாக வரிசையாகப் போங்கள். காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவரை, அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை. அக்குளை விட்டுவிடாதீர்கள். விரல் வழுக்கிப் போக இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். கை பழகவில்லை என்றால், நாலாக மடித்த துண்டுக்கு அடியில் ஒரு கொண்டைக்கடலையை வைத்துத் தேடிப் பாருங்கள், அழுத்தம் பிடிபட்டுவிடும்.

ஏதாவது தட்டுப்பட்டால். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் எது என்ன என்று விரலால் சொல்ல முடியாது. புதிய கட்டி, காம்பில் தானாக வரும் ரத்தக் கசிவு என எதுவானாலும் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் அந்த வாரமே காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்று வேலூரைச் சுற்றி வழி இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திண்டிவனத்தில் ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் சம்மதிக்காததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் இரண்டு மாதம் வெட்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

பின்னால் சேர்த்தது: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு செவிலியர் எழுதினார், கையால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லாதீர்கள் என்று. அவர் சொன்னது சரி. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. நம் உடம்பை நாம் அறிந்துவைக்கத்தான் இது. 30 வயதுக்கு மேல் சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 40-க்கு மேல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் இன்னும் முன்பே.

மறுபடியும்: கர்ப்பப்பை எடுத்தவர்கள், விலக்கு அடியோடு நின்றவர்கள் எந்த நாளில் பார்ப்பது என்று பலர் கேட்டீர்கள். மாதம் ஒரே தேதியாகவோ, மறக்காமல் திரும்ப வரும் ஒரு நாளாகவோ இருந்தால் போதும். என் மாமியார் கிருத்திகை விரதம் தவறாதவர். 27 நாளுக்கு ஒருமுறை வரும் அந்த நாளையே வைத்துக்கொண்டார். ரத்தினகிரி முருகன் கோயிலுக்குக் கிளம்பும் முன்பு, தலைக்குக் குளித்த கையோடு பார்த்துவிடுகிறார்.