நாள் தள்ளிப்போகும் முன்பே மாத்திரையைக் காட்டிக் கேளுங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் மருந்துக்கென்று ஒரு பழைய மைலோ டின் இருக்கும். எங்கள் வீட்டு டின்னைப் போன வாரம் கொட்டிப் பார்த்தேன். எழுத்து அழிந்த பிளாஸ்டிக் பைகள், யாருடையது என்றே தெரியாத வெள்ளை மாத்திரைகள், அப்பாவின் பிரஷர் மருந்து. பிள்ளை பெறும் வயதில் பெண் இருக்கும் வீட்டில் அந்த டின்னை அப்படியே விட்டுவைப்பது பெரிய தவறு, சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, ‘நாள் தள்ளிப்போனால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளிலேயே மூடிவிடும். அப்போது நாள் தள்ளி ஏறக்குறைய இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோவேட்டைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால், 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சியில், படிப்பில் சிரமம் வரலாம். இதைக் கேட்டு பயந்துதான் என் அக்கா கல்யாணத்துக்கு முன் மாத்திரையைத் தானாகவே நிறுத்தினாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு காலையில் அடுப்பருகே விழுந்துவிட்டாள், நல்லவேளை சட்டி கவிழவில்லை. திடீரென நிறுத்தினால் வலிப்பு தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தே பாதிக்கும். டாக்டர்தான் பார்த்து, மெதுவாக வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். அக்காவுக்கு அப்படித்தான் மாற்றினார்கள்.

பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினைத் தோழிக்குக் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம். அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழியாமல் கருத்தரிக்கக் கூடாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் முகம் வெளுக்கும் கிரீம்களும் வேண்டாம், சிலவற்றில் பாதரசம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, லேகியம் என்றால் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இருந்தாலும் கர்ப்பத்துக்கு ஆகுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், பிரஷருக்கான எனலாப்ரில், பெரிண்டோப்ரில் சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் ‘கர்ப்பமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இப்போது இல்லை, ஆனால் ஆகலாம்’ என்று சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் கூச்சமாக இருக்கும்தான். மருந்து கொடுக்கும் கவுண்டரில் தனியாகவும் கேட்கலாம். டின்னையும் கையோடு கொண்டுபோங்கள்.