மொழிப் பாடநெறியை ஐரோப்பிய முறைக்குத் திருத்துவது எப்படி?

திருகோணமலையில் படித்த பிள்ளை ஜெர்மனிக்கு முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறது என்று வையுங்கள். சான்றிதழில் ‘ஆங்கிலம் 2’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று அங்கிருப்பவருக்கு எப்படி விளங்கும்? பட்டங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியவேண்டும் என்றுதான் 1999இல் 29 ஐரோப்பிய நாடுகள் இத்தாலியின் பொலோனியா நகரில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. இலங்கை அதில் இல்லை, ஆனாலும் நம் பாடத்தை அவர்களுக்கு விளங்கும்படி எழுதலாம்.

முதலில் மணிக்கணக்கு. அங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவருக்கு 25 முதல் 30 மணிநேர வேலை, வருடத்துக்கு 60 கிரெடிட். நம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரம், வருடத்துக்கு 30. ஆக நமது ஒன்று அவர்களுடைய இரண்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணிநேரம். வகுப்பில் 45 போனால் மீதி 105 எங்கே? பெரும்பாலான பாடத்திட்டங்களில் அது வெறுமையாகவே கிடக்கிறது, மொழியோ அந்த நேரத்தில்தான் வளரும். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் வழியில் கேட்க ஒலிப்பதிவு, வாரம் ஒரு பக்கம் எழுத்து என்று வாரவாரமாகப் பிரித்து எழுதிவிடுங்கள்.

அப்புறம் கற்றல் பேறுகள், அதாவது பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது. ‘இலக்கணம் அறிவார்’ என்று எழுதவேண்டாம். 2001இல் வந்த ஐரோப்பிய மொழிச் சட்டகம் தொடக்கநிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை ஆறு படிகளில் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2) ‘இதைச் செய்ய முடியும்’ என்றே பேசுகிறது. வாசிப்பில் பி2 இருக்கும் பிள்ளை பேச்சில் ஏ2இல் நிற்கலாம், தனித்தனியாகவே குறியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மொழிச் சட்டகத்துக்கு 2020இல் வந்த துணைத்தொகுதி விரிவாகச் சொல்லும் மொழியிடை உதவி: ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியவைப்பது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொல்வதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அதற்கு இதுவரை ஒரு புள்ளியும் கொடுத்ததில்லை. தமிழ் அறிவித்தல் ஒன்றைக் கொடுத்து, நிலாவெளிக்கு வந்த வெளிநாட்டவருக்கு ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள், அதற்குப் புள்ளி போடுங்கள்.

பேச்சைப் பேறாக எழுதினால் பேச்சுப் பரீட்சையும் வேண்டும். சரி, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவேண்டாம். அடுத்த செமஸ்டருக்கு ஒரு பாடத்தை எடுத்து, அதன் மணிநேரம், படி, மதிப்பீடு மூன்றையும் அரைப்பக்கத்தில் எழுதிச் சான்றிதழோடு இணைத்துக் கொடுங்கள்.