பிளாக்-ஐட் சூசன் இலையில் கரும்புள்ளி: என் அனுபவம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எங்கள் வீட்டு முன்பக்கம், நாள் முழுக்க வெயில் விழும் பாத்தியில் பிளாக்-ஐட் சூசன் (நடுவில் கருப்பும் சுற்றி மஞ்சள் இதழும் உள்ள பூச்செடி) வைத்திருக்கிறேன், கோல்ட்ஸ்டர்ம் ரகம். இதன் பங்காளி ருட்பெக்கியா ஹிர்ட்டா 1918 முதல் இங்கே மாநிலப் பூ. அப்படிப்பட்ட ஊரில், போன ஜூலையில் என் செடிகளின் இலைகள் கருத்தன.

பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பூச்சிகூட இல்லை. சத்துக் குறைவோ என்று உரம் போட்டேன். செடி இன்னும் அடர்ந்ததுதான் மிச்சம். இரண்டு வாரம் வீண்.

பிறகுதான் கவனித்தேன்: புள்ளிகள் வட்டமாக இல்லை, நரம்போடு நின்று கோணலாக இருந்தன. அடியிலையில் தொடங்கி மேலே ஏறின. ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் படும் பக்கம்தான் அதிகம். செப்டோரியா பூஞ்சை! விழுந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, தெறிக்கும் தண்ணீரோடு ஏறிவிடும். நானோ மாலையில் தண்ணீர் விட்டு, இலைகளை ராத்திரி முழுக்க ஈரமாகவே வைத்திருந்தேன்.

ஸ்பிரிங்க்ளரை நிறுத்தி, காலையில் வேரடியில் மட்டும் குழாயை வைத்தேன். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டேன் (உரக்குழியில் போடக் கூடாது). இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டியெடுத்து, நெருக்கமான தூர்களைப் பிரித்து நட்டேன். இந்த ஜூலையில் அடியில் நாலைந்து இலையில்தான் புள்ளி. அப்பாடா!