இக்கத் துணி வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நூலை உருவிப் பாருங்கள்

அச்சுத் துணியில் நெய்த பிறகு நிறம் ஏறுகிறது. இக்கத்தில் தறிக்குப் போகும் முன்பே நூலில் ஏறிவிடுகிறது. விலை ஏன் இவ்வளவு, குறை எங்கிருந்து வந்தது, எதை ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்கும் முன் நூலைப் பார்த்துவிடுங்கள்.

வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவுங்கள்: கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று. பாவு நூலில் மட்டும் நிறம் மாறி மாறி வந்தால் பாவு இக்கத். ஊடையில் மட்டும் வந்தால் ஊடை இக்கத். இரண்டிலும் வந்து, இரண்டும் சேரும் இடத்தில்தான் உருவம் தெளிகிறது என்றால் இரட்டை இக்கத். அச்சுத் துணியின் நூலிலும் பல நிறம் தெரியும், அதனால் அவசரப்படாதீர்கள். முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை இழை தெரிந்தாலோ, ஒரு பக்கம் வெளுத்திருந்தாலோ அது அச்சு. இக்கத் நூலில் சாயம் உள்வரை ஊறியிருக்கும்.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தால் கைத்தறி என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. சாயமிட்ட நூலை விசைத்தறியில் ஓட்டினாலும் இரு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்தச் சோதனை அச்சைத்தான் பிடிக்கும், விசைத்தறியைப் பிடிக்காது.

கட்டும் சாயமும்

வரைபடத் தாளில் வடிவத்தைப் போட்டு, அதற்கேற்ப நூல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, சாயம் ஏறக் கூடாத இடங்களை இறுக்கிக் கட்டுவார்கள். தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக வெட்டிக் கட்டுவார்கள். ஒடிசாவிலும் குஜராத்தின் பாட்டன் ஊரிலும் பருத்தி நூல்தான் கட்டு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது வழக்கம்: வெள்ளை வேண்டிய இடத்தைக் கட்டி மஞ்சளில் முக்கு, மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தைக் கட்டிச் சிவப்பில் முக்கு, அதையும் கட்டிக் கறுப்பில் முக்கு. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை கிடைக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுற்றுக் கட்டு கூடுவதால், வேலைக்கூலியை வடிவத்தின் அளவோடு நிறங்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது.

வடிவத்தின் ஓரம் இறகு போல் பிசிறாக இருப்பது இக்கத்தின் இயல்பு, குறையல்ல. பாவு இக்கத்தில் அந்தப் பிசிறு நீளவாக்கில், ஊடை இக்கத்தில் குறுக்கே, இரட்டையில் இரு பக்கமும். குறை எது என்றால், உருவிய ஒற்றை நூலை வெள்ளைத் தாளில் வையுங்கள். நிறம் மாறும் இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் முடிந்தால் நல்ல கட்டு. ஒரு சென்டிமீட்டர் வரை மங்கிக்கொண்டே போனால் கட்டு நெகிழ்ந்து சாயம் உள்ளே புகுந்திருக்கிறது. வெள்ளைப் பகுதி முழுக்க லேசான ரோஸ் படிந்திருந்தால் கட்டின் மீது பழி போடாதீர்கள். கட்டைப் பிரித்த பிறகு மிச்சச் சாயத்தைச் சரியாக அலசவில்லை என்றுதான் அர்த்தம், வீட்டிலும் அது ஓடும்.

ஊடை இக்கத்தில் இன்னொரு வம்பு உண்டு. உருவத்தின் உயரத்தை ஊடையின் நெருக்கம் முடிவு செய்கிறது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று கணக்கிட்டுக் கட்டிய நூலை 50 விழும்படி தளர அடித்தால், ஓர் அங்குல வட்டம் 1.2 அங்குல முட்டையாகிவிடும். துணியை விரித்து, ஆரம்பத்தில் உள்ள பூவையும் கடைசியில் உள்ள பூவையும் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். கரையோரத்தில் ஊடை நூல் சிறு வளையமாக நீட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், உருவம் பொருந்துவதற்காக நெசவாளர் ஒவ்வொரு ஊடையையும் இழுத்துச் சரிசெய்த தடம் அது.

பாவு இக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாவைத் தறியில் ஏற்றியாயிற்று என்றால் சாதா நெசவு போல ஓட்டலாம். மீட்டர் கணக்கில் விற்கும் பருத்தி இக்கத் பெரும்பாலும் பாவு இக்கத்தாக இருப்பதற்கும், ஊடை இக்கத்தை விட மலிவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். பாட்டன் பட்டோலா அதற்கு நேர் எதிர்முனை. இரட்டை இக்கத் பட்டு, கொஞ்சம் நெய்ததும் பாவைத் தளர்த்தி ஊசியால் இழை இழையாகப் பொருத்த வேண்டும். ஒரு சேலைக்கு மாதக் கணக்கில் ஆகும், விலையும் லட்சத்தைத் தாண்டும். சில ஆயிரத்துக்கு ‘பட்டோலா’ என்று கிடைப்பது ராஜ்கோட் பக்கத்து ஒற்றை இக்கத்தாக இருக்கலாம், வெறும் அச்சாகவும் இருக்கலாம். முன்னது மோசமில்லை, பெயர்தான் வேறு.

எங்கே, எப்படி வாங்குவது

பருத்தி மீட்டர் துணிக்குத் தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளி, கொய்யலகூடம் பக்கம் போகலாம். எண்ணெயும் சாம்பலும் ஊட்டிய நூலில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் நெய்யும் தேலியா ருமால் என்ற சதுரத் துணிக்கு அதே மாநிலத்தின் புட்டபாக்கா. வளைவான உருவங்கள், மீன், சங்கு, பூ வேண்டுமென்றால் ஒடிசாவின் பர்கட், சோனேப்பூர், நுவாபட்னா. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் ரசீதில் நூல் வகை, நெசவு வகை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். கைத்தறி முத்திரையும், பட்டு என்றால் தூய பட்டுக்கான சில்க் மார்க் முத்திரையும் பாருங்கள். பட்டில் சந்தேகம் இருந்தால் பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள், ஏனென்றால் ஏமாற்று ஊடையில் மட்டும் இருக்கலாம். பட்டு முடி கருகும் வாடையோடு நொறுங்கும் கரியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

உங்கள் நிறத்தில் நெய்து தரச் சொன்னால், ஒரு முழுப் பாவு எத்தனை மீட்டர் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சாயமும் கட்டும் பாவுக்கு ஒரு தடவைதான் என்பதால் அதற்குக் குறைந்து எடுத்தால் நெசவாளருக்குக் கட்டுப்படியாகாது. மழைக்காலத்தில் கேட்ட தேதியோடு சில வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், நூல் காயாது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே உருவம் 30 சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்பி வருகிறது என்றால், தைக்க 2.5 மீட்டர் போதும் என்ற இடத்தில் பொருத்துவதற்கு 30 சென்டிமீட்டர், சுருக்கத்துக்கு ஒரு 5 சதவீதம் சேர்த்து 3 மீட்டராக எடுங்கள். வெட்டும் முன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். அதற்கும் முன், ஈர வெள்ளைத் துணியால் அடர் நிறத்தின் மேல் பத்து முறை தேயுங்கள். வெள்ளைத் துணியில் சாயம் நன்றாக ஒட்டினால், முதல் சில சலவைகள் குளிர்ந்த தண்ணீரில், தனியாக. உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது வெறும் பேச்சு. சாயம் பிடிக்காத நூலை உப்புத் தண்ணீர் காப்பாற்றாது.