பூ கொட்டின ஆர்க்கிட தூக்கி போடாதீங்க

பூ எல்லாம் கொட்டிடுச்சுன்னு ஃபெலனாப்சிஸ்ங்கற வகை ஆர்க்கிட குப்பைல போடறவங்க நிறைய பேரு, நானும் முதல் செடிய அப்படித்தான் போட்டேன், இப்ப நெனச்சா வயித்தெரிச்சலா இருக்கு. அது சாகல, ரெஸ்ட் எடுக்குது, அவ்ளோதான்.

பூத்தண்டு பச்சையா இருந்தா கீழேர்ந்து ரெண்டாவது இல்ல மூணாவது கணுவுக்கு ஒரு இஞ்ச் மேல வெட்டுங்க, அங்கேர்ந்தே கிளை விட்டு பூக்க சான்ஸ் இருக்கு. காஞ்சு பழுப்பாயிட்டா அடியோட வெட்டிடலாம்.

தண்ணி விஷயத்துல வேர பாருங்க, வெள்ளி கலர்ல வெளுத்திருந்தா ஊத்தணும், பச்சையா இருந்தா கிட்டயே போகாதீங்க. இலை நடுக்குருத்துல தண்ணி தேங்குனா அழுகிடும், டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்துடுங்க. மண்ணு வேணவே வேணாம், கரித்துண்டும் தேங்கா மட்டைத்துண்டும் போதும்.

மெயின் மேட்டர் குளிர்ச்சி. 28 டிகிரிக்கு மேலயே இருந்தா இலை மட்டும் தளதளன்னு வரும், புது பூத்தண்டு வராது. நம்ம ஊர்ல மார்கழி, தை ராத்திரி குளிருதான் இதுக்கு சரியான நேரம், ஒரு மாசத்துக்கு மேல நேரடி வெயில் படாத வெளிச்சமான ஜன்னலோரமா வச்சு ராத்திரி ஜன்னல தொறந்து விடுங்க.

அப்புறம் இலை இடுக்குல ஏதோ முளைச்சா வேரா தண்டான்னு குழப்பம் வரும். முனை வழவழன்னு உருண்டையா இருந்தா வேரு, கட்டைவிரல ஒட்டி வச்ச குட்டி கை மாதிரி மேடு பள்ளமா இருந்தா தண்டுதான். அத பாத்ததுக்கப்புறம் தொட்டிய திருப்பி திருப்பி வைக்காதீங்க, தண்டு வெளிச்சத்த தேடி கோணிக்கும். மொட்டு விரிய ரெண்டு மூணு மாசமாவது ஆகும்.